அரைகுறை வேலைகளும் ஐப்பசி மழையும்

கேள்வி: எங்கள் வீட்டில் தொடங்கி நின்றுபோன வேலைகள் பல இருக்கின்றன. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. பட்டாசலில் (கூடத்தில்) சுவிட்ச் பெட்டி திருகாணி முடுக்கப்படாமல் தொங்குகிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடியில் ஓடிய விரிசலைக் கொத்திவிட்டுப் பூசாமல் விட்டிருக்கிறோம். புறவாசல் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது. அடுக்களையில் ஒரு சுவருக்குப் பட்டி பார்த்ததோடு சரி, பெயின்ட் அடிக்கவில்லை. என் கணவரோ, “ஒரு நாள் ஒதுக்கி எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடலாம்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: தங்கள் கணவர் சொல்லும் அந்த ஒரு நாள் வந்தே விட்டாலும், இந்த ஐந்து வேலைகளும் அன்றைக்கு முடியமாட்டா. குழாய் ஒரு சிறு உதிரிப் பொருளுக்காகக் காத்திருக்கிறது. சுவிட்ச் பெட்டி தொழில் தெரிந்த கைக்காகக் காத்திருக்கிறது. விரிசலுக்கு ஒரு வார ஈரம் வேண்டும். கதவுக்கும் சுவருக்கும் நல்ல வெயில் வேண்டும். எந்த வேலை எதற்காக நிற்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள். சோம்பல் என்று நாம் நம்மையே திட்டிக்கொள்வதில் பாதி, இந்தச் சொல்லைக் கண்டுபிடிக்காததனால் வருவதுதான்.

தங்கள் கடிதம் புரட்டாசியில் வந்திருப்பதால், முதலில் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். கொத்திவிட்டுப் பூசாமல் விட்ட விரிசல், கொத்தாத விரிசலைவிடக் கேடானது. தண்ணீர் இறங்குவதற்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாக ஆகும். தூசியை நன்றாகத் துடைத்து, இடத்தை நனைத்து, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவிய பிறகே கலவையை வைத்து அடைக்க வேண்டும். அடைத்த இடம் ஏழு நாட்களாவது காயாமல் ஈரமாக இருக்கவேண்டும் என்பதால், நனைந்த சாக்கைப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வாருங்கள். இந்த ஏழு நாள் பராமரிப்பை விட்டுவிடுவதனால்தான் பூசிய இடமே மீண்டும் வெடிக்கிறது. பழைய வேலையில் மிஞ்சிய சிமெண்ட் மூட்டையை இதற்குப் பயன்படுத்த எண்ணுவீர்களானால், அதைக் கையில் அள்ளிப் பாருங்கள். விரலால் நசுக்கியும் உடையாத கட்டிகள் இருந்தால் அது உதவாது. நன்றாக வைத்திருந்த சிமெண்ட்டும் மூன்று மாதங்களுக்குமேல் போனால் வலுக் குறையத் தொடங்கும். கையோடு மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் அடைந்த சருகையும் எடுத்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைக் கண்ட நம் நெல்லை மாவட்டத்தார்க்கு அதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது சுவிட்ச் பெட்டி. தொங்கும் பெட்டியின் எடை கம்பிகளை இழுத்துக்கொண்டே இருப்பதால், இணைப்புகள் தளர்ந்து சூடேறுகின்றன. இதைத் தாங்களே டேப் சுற்றிச் சமாளிக்காமல் எலக்ட்ரீசியனை அழையுங்கள். அவர் வரும் நாளில் மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் சொல்லுங்கள். அழுத்தியதும் மின்சாரம் நிற்காவிட்டால் அந்தக் கருவி அங்கே அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது.

குழாய் அரை மணி நேர வேலை. தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயின் தலையைக் கழற்றி, உள்ளிருப்பதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டும். பல சுற்றுச் சுற்றி மூடும் பழைய குழாயானால் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். கால் சுற்றில் மூடும் புதுவகையானால் செராமிக் தட்டு வைத்த ஸ்பிண்டில் முழுவதையும் மாற்றவேண்டும். வாயால் அளவு சொல்லி வாங்கிவந்த பொருள் பொருந்தாமல், அந்தச் சலிப்பிலேயே வேலை நின்றுபோன வீடுகள் ஏராளம்.

கதவை இப்போது தொடாதீர்கள். மரம் மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கிறது. அந்த நிலையில் ஆசாரியை அழைத்து இழைத்துவிட்டால், பங்குனி வெயிலில் மரம் சுருங்கிக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி புகும் சந்து விழும். இப்போதைக்குக் கீல்களின் திருகாணிகளை மட்டும் முடுக்கிப் பாருங்கள். கதவு தொங்கிப்போய் உரசுவதும் உண்டு. தை, மாசியில் இழைத்த பிறகும் கதவு இறுகுமானால், கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயின்ட் அடித்தார்களா என்று பாருங்கள். கண்ணில் படாத இடம் என்று தச்சரும் பெயின்டரும் விட்டுவிடும் அந்த இரு விளிம்புகளின் வழியாகத்தான் ஈரம் ஏறுகிறது.

அடுக்களைச் சுவரும் பொங்கலுக்கு முந்திய வெயில் வரும்வரை காத்திருக்கட்டும். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் கொப்புளித்து உரியும். அடிக்கும்போது ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை முழுச் சுவரையும் அடியுங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடம் தனியாகத் தெரியும். டப்பாவின் மேல் ஒட்டியுள்ள நிற எண்ணை ஒரு நோட்டில் குறித்துவைத்தால், பின்னர் கடைக்காரரிடம் “இளம் மஞ்சள், ஆனால் இந்த இளம் மஞ்சள் இல்லை” என்று வாதாட நேராது.

கேள்வி: சின்ன வேலை என்றால் கொத்தனாரும் பிளம்பரும் வரமாட்டேன் என்கிறார்கள். வந்தவர் ஒருவரும் முன்பணம் வாங்கிக்கொண்டு பாதியில் போய்விட்டார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. கால் மணி நேர வேலைக்கு வந்தால் அன்றைய முழுக்கூலி போய்விடுகிறது. ஆகவே வேலைகளைத் தொழில்வாரியாகச் சேர்த்துவையுங்கள்: கொத்தனாருக்கு உரியவை ஒரு நாள், குழாய்க்கு உரியவை ஒரு நாள். அப்படியும் ஒரு நாளுக்குப் போதாவிட்டால், அதே வளவில் அல்லது தெருவில் உள்ள இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே கொத்தனாரையும் சித்தாளையும் அழைத்துக் கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம். மணலும் சிமெண்டும் முதல்நாளே வந்திருக்கட்டும். பொருளுக்காகக் காத்திருக்கும் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். முன்பணத்தைப் பொருளின் விலை அளவுக்கு மட்டும் கொடுங்கள். அள்ளிய குப்பை வாசலைவிட்டு வெளியேறிய பிறகே கடைசித் தொகையைக் கொடுங்கள். அதையும் அன்றைக்கே, பேசியபடி கொடுத்துவிட்டால், அடுத்த முறை அழைக்கும்போது அவர் மறுக்கமாட்டார்.

கேள்வி: பழைய இரும்பு நாற்காலிக்கு ஒயர் பின்னத் தொடங்கிப் பாதியில் விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.
– ஒரு வாசகி, கடையநல்லூர்

பதில்: அதே நிற ஒயர் கடையில் இன்னும் கிடைக்கிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள். கிடைத்தால் இந்த மழைக்காலம் கழிந்ததும் முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால், அல்லது பின்னுவதில் தங்களுக்கு இருந்த ஆசையே போய்விட்டதென்றால், பின்னியதை அவிழ்த்துவிட்டு, சட்டத்தைப் பின்னத் தெரிந்த யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கைவிடுவதும் ஒரு வேலையை முடிக்கும் முறையே. அவிழ்த்த ஒயரை மட்டும் எறிய வேண்டாம். புறவாசலில் அவரைக்குப் பந்தல் கட்டுவதற்கு அது நன்றாக உதவும்.