பழைய பாய்மரப் படகின் மரவேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தேக்குக் கைப்பிடிகளுக்கு நல்ல வார்னிஷ்தான் அடித்தேன். ஆறே மாதத்தில் தோல் உரிவதுபோல் உரிந்து வருகிறதே?

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருக்கிறது. அதை எடுக்காமல் அடித்த பூச்சு நிற்காது. பழைய வார்னிஷை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் மர ரேகையோடு தேயுங்கள். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். காய்ந்ததும் அரைமணிக்குள் முதல் கோட் விழுந்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

முதல் கோட்டில் வார்னிஷும் தின்னரும் பாதிக்குப் பாதி. இரண்டாவதில் தின்னர் கால் பங்கு, மூன்றாவதில் பத்தில் ஒரு பங்கு. அதன்பிறகு தின்னர் வேண்டாம். மொத்தம் எட்டு கோட்; நம் வெயிலுக்கு அதற்குக் குறைவாக அடிப்பது வீண். நான்காவதிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் 320 தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும்.

படகுக்கென்று விற்கும் வார்னிஷாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டு மேசை நாற்காலிக்கு அடிப்பது வெயிலில் தாங்காது. புற ஊதாக் கதிர் பூச்சை ஊடுருவி அடியிலுள்ள மரத்தின் லிக்னினை, அதாவது மர நார்களைப் பிணைத்திருக்கும் பொருளைச் சிதைக்கிறது. மேல் மரமே பிடி விட்டபின் பூச்சு மொத்தமாகக் கழன்றுவிடும். காலையில் பனி ஈரம் உலர்ந்ததும் அடியுங்கள். நேர் வெயிலில் கொப்புளம் வரும். மாலையில் அடித்தால் இரவு ஈரம் படிந்து பளபளப்பு மங்கும்.

ஸ்க்ரூக்களைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது. தேய்த்தும் போகவில்லை.

இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கறை அது, ஆழமாக இறங்கியிருக்கும். வார்னிஷை எடுத்தபின், ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்து, கறைமேல் மட்டுமல்ல, பலகை முழுவதும் தடவுங்கள். இல்லாவிட்டால் அங்கங்கே வெளுத்துத் திட்டாகத் தெரியும். இருபது நிமிடம் கழித்து நிறையத் தண்ணீரில் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரால் ஒருமுறை துடையுங்கள். ஆக்சாலிக் அமிலம் நச்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உலர்ந்தபின் தேய்க்கும்போது முகமூடியும் போடுங்கள்.

இரும்பு நார் கொண்டு தேய்க்கவே கூடாது. உடைந்த துணுக்குகள் மரத்துக்குள் தங்கித் துருப்பிடித்து, அதே கறையை நூறு இடத்தில் உண்டாக்கும். ஸ்க்ரூக்களையும் மாற்றுங்கள். பித்தளை வேண்டாம்: கடல்நீரில் அதன் துத்தநாகம் கரைந்துபோய், இளஞ்சிவப்பாகி, திருப்புளி வைத்ததும் முறியும். நீர்மட்டத்துக்குக் கீழே சிலிக்கான் வெண்கலம், மேலே 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

பழைய பிளைவுட் என்டர்பிரைஸ் (சிறு பாய்மரப் படகு வகை) படகு. பின்பலகை அருகே அடித்தளம் மெத்தென்று அமுங்குகிறது. எபாக்ஸி (ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் பிசின்) ஊற்றினால் போதுமா?

போதாது. உளுத்த மரத்தில் ஊறிய எபாக்ஸி அதைக் கெட்டியாக்கும்; இழந்த பலத்தைத் திருப்பித் தராது. மரத்தை உளுக்க வைப்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, மழைநீர். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வேலையைத் தொடங்கும். அதனால் வெட்டுவதற்கு முன், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடியுங்கள்: அடைபட்ட வடிகால் துளையா, கவிழ்த்து வைக்காமல் மழையில் விட்ட படகா, சீல் போடாத ஸ்க்ரூ துளையா? அதைச் சரிசெய்யாமல் போடும் புதுப் பலகையும் உளுத்துப்போகும்.

கூர்மையான ஊசியால் குத்திப் பார்த்து, கெட்டியான மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் 5 சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் 8-க்கு 1 என்ற சரிவில் இழையுங்கள்: 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். புதுத் துண்டுக்கும் அதே சரிவு. பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 (கடல் பயன்பாட்டு பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை பாருங்கள். பொதுப் பயன்பாட்டுக்கான 303 முத்திரை படகுக்கு ஆகாது.

ஒட்டும்போது முதலில் வெறும் எபாக்ஸியை இரு சரிவிலும் தடவி ஊறவிடுங்கள். பிறகுதான் சிலிக்கா தூள் கலந்து குழைத்ததை வையுங்கள். கிளாம்பை முழு பலத்தோடு இறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கி, இணைப்பு காய்ந்த ரொட்டிபோல் உடையும். லேசாகப் பிதுங்கும் அளவு போதும்.

கலக்கிய எபாக்ஸி பத்தே நிமிடத்தில் கோப்பைக்குள் புகைந்து கெட்டியாகிவிட்டது.

கெட்டிப்படும்போது வெப்பம் வரும். ஆழமான கோப்பையில் அது வெளியேற வழியில்லை. 100 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள், கலக்கியதும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். மெதுவான ஹார்டனர் கேட்டு வாங்குங்கள். ஹார்டனரைக் குறைத்தால் நேரம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். விகிதம் தவறினால் என்றைக்குமே சரியாக இறுகாது. இறுகியபின் மேலே மெழுகுபோல் படியும் பிசுக்கைத் தேய்ப்பதற்கு முன்பே தண்ணீரால் கழுவுங்கள். எபாக்ஸியும் வெயில் தாங்காது. மேலே வார்னிஷோ பெயிண்டோ வேண்டும்.

தேக்குத் தளத்தை பிரஷர் வாஷர் வைத்துக் கழுவலாமா?

கூடாது. ரேகைக்கு நடுவிலுள்ள மென்மையான மரம் அரித்துப் பள்ளம் விழும். மென்மையான பிரஷ், கடல்நீர், ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்தல், அவ்வளவுதான்.