வலைக்கொட்டகைக் கூண்டில் ஹாம்ஸ்டர் மெலிவது ஏன்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்தில், வீட்டை ஒட்டி மீன்வலை வைக்கும் வலைக்கொட்டகையில் ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) கம்பிக் கூண்டு வைத்துக் குட்டை ஹாம்ஸ்டர் என்ற செல்ல எலி வளர்க்கிறோம். ஒரு மாதமாக ஒன்று மெலிந்து பின்னங்காலை இழுக்கிறது, இன்னொன்று செத்துவிட்டது. கொட்டகையில் இரண்டு வீட்டெலிகளும் செத்துக் கிடந்தன. ஈய விஷமா?

பதில்: வீட்டெலிச் சாவை முதலில் தனியே வையுங்கள். அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைத்தார்களா என்று கேளுங்கள். கறுப்புப் பொடியான சிங்க் பாஸ்பைடு தின்ற எலி பெரும்பாலும் சில மணி நேரத்தில் சாகும். பெயரில் துத்தநாகம் இருந்தாலும் கொல்வது வயிற்றில் கிளம்பும் பாஸ்பீன் வாயுதான். செத்த எலியை மோந்து பார்க்காதீர்கள். புரோமாடியோலோன் கட்டி என்றால் சில நாள் கழித்து உள்ளே ரத்தம் கசிந்து சாகும். வாரக்கணக்கில் மெலிவது இரண்டோடும் ஒட்டவில்லை. உலோகத்தைச் சந்தேகிக்கலாம். விழுந்து முதுகில் அடிபட்டாலும் கால் இழுக்கும் என்பதால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

இனி கூண்டு. மூலையிலும் கடித்த இடத்திலும் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெள்ளைப் பொடி இருக்கிறதா? உப்புக்காற்றும் மூத்திர ஈரமும் முலாமை அரித்ததால் வந்த துத்தநாகப் பொடி அது. கம்பியைக் கடித்தும், ரோமத்தில் ஒட்டியதை நக்கியும் உள்ளே போகும். மிஞ்சினால் சிவப்பணு உடைந்து சோகை வரும். ஈறும் பாதமும் வெளிறும். புதுக் கூண்டை வினிகரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பூத்துப்போன கூண்டைத் தேய்த்துப் பயனில்லை, மறுபடி பூக்கும். பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். கண்ணாடித் தொட்டியும் 316 ரக எவர்சில்வர் வலை மூடியும் போதும். 304 ரகம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும்.

வலையின் அடிக்கயிற்று ஈயக்குண்டுகளையும் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் பளிச்சென்று பல் தடம் தெரிந்தால் எலி கடித்திருக்கிறது. படகிலிருந்து சுரண்டிய பெயின்ட் செதிலும் ஆபத்துதான். ஹாம்ஸ்டர் அதைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போகும். இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) ஈய வரம்பு வீட்டு, அலங்காரப் பெயின்டுக்குத்தான், படகுப் பெயின்டுக்கு இல்லை.

இன்றே ஹாம்ஸ்டரை வீட்டுக்குள் மாற்றி, பழைய கூண்டில் இருந்த மரத்தூளையும் எறிந்துவிடுங்கள். எலி இனத்துக்கு வாந்தி வராது. உப்புக் கரைசல் ஊட்டும் கைவைத்தியம் வேண்டாம். குடலில் உலோகத் துணுக்கு இருந்தால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், ஆனால் தெரியாததால் விஷமில்லை என்று ஆகாது. ஈயம் உறுதியானால், அதைப் பிடித்து உடம்பிலிருந்து வெளியேற்றும் கால்சியம் ஈடிடிஏ ஊசியை மருத்துவர் போடுவார். வெறும் சோடியம் ஈடிடிஏ ரத்தத்துக் கால்சியத்தை உறிஞ்சிக் கொன்றுவிடும், பெயர் பார்த்து வாங்குங்கள்.

சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் கால்சியம் குறையும். குறைந்தால் ஈயம் கூடுதலாக உடம்பில் ஏறும். கடையில் விற்கும் தீவனக் குச்சியோடு, வேகவைத்துக் காயவைத்த கணவாய் ஓட்டில் ஒரு துண்டு கூண்டில் போடுங்கள். கரையோரத்தில் காசில்லாமலே கிடைக்கும். இது தடுப்புக்குத்தான், மருந்தாகாது.

இன்னொன்று செத்தால் புதைக்காதீர்கள். பையில் கட்டி, உறையவிடாமல் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து 24 மணி நேரத்துக்குள் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈயமென்றால் சிறுநீரக உயிரணுக்களின் உட்கருவில் சிவந்த திட்டுகள் நுண்ணோக்கியில் தெரியக்கூடும்.

கொட்டகையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சின்னப் பிள்ளைகள் அங்கே விளையாடுவார்கள் என்றால் அவர்களுக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுங்கள்.