விதியா, வெட்கமா?

கேள்வி: என் பால்ய நண்பர் பட்டறை வைக்க என்னிடம் கைமாற்றாகப் பணம் வாங்கினார். எழுத்து எதுவும் இல்லை. இரண்டு வருடமாகிறது. இப்போது என்னைக் கண்டால் டீக்கடையின் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார். 'எல்லாம் விதி, விட்டுத்தள்ளுங்கள்' என்கிறார் என் மனைவி. மகள் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வைக்கலாமா?
– ஒரு வாசகர், மோல்மேன், பர்மா

பதில்: விதியை எதற்கு இழுக்கிறீர்கள்? அது எப்படி இருக்கும் என்று பர்மாத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75. அந்த முறை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. காலையில் பணமாக இருந்தது பிறகு வெறும் காகிதம். சிறுகச் சிறுகச் சேர்த்தவர் செய்த தப்பு என்ன? அதை விதி என்றால் ஒப்புக்கொள்கிறேன். (அதுகூட நாற்காலியில் இருந்தவர்கள் எடுத்த முடிவுதான். சரி, அது வேறு கதை.)

உங்கள் நண்பர் பின்வாசலைத் தேடுவது விதியல்ல, வெட்கம். ஏமாற்ற நினைப்பவன் எதிரே வந்து உட்கார்ந்து, உங்கள் கணக்கிலேயே ஒரு டீயும் குடித்துவிட்டுப் போவான்.

79-ஆம் அதிகாரத்தில் நட்பைப் புகழ்ந்த வள்ளுவர், அடுத்ததாகவே நட்பாராய்தலை வைத்துவிட்டார். 'கேட்டினும் உண்டோர் உறுதி கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்' என்பது அதில்தான் வருகிறது. கெட்ட காலத்திலும் ஒரு லாபம், வேண்டியவர்களை அளந்து பார்த்துவிடலாம். நாம் எல்லோரும் அந்தக் கோலை நண்பன்மேல்தான் வைக்கிறோம். கெட்ட காலம் இப்போது யாருக்கு, உங்களுக்கா அவருக்கா? பட்டறை என்ன ஆயிற்று என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஓடுகிறதா, பூட்டிக் கிடக்கிறதா? போய்ப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

பத்திரிகை வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒருநாள் வெறுங்கையோடு போய், 'பட்டறை எப்படி, பணம் என்னாச்சு' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் நீட்டினால், மஞ்சள் தடவிய கடன் நோட்டீஸ் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். மாதம் இவ்வளவு தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் இந்த முறை எழுதி வாங்குங்கள். வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள். பட்டறையைப் பார்த்த பிறகும் விதி என்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள்.