பேட்டரி இறங்கினால் ஆப்பும் போகிறதா? எடை மெஷினில் எதை எங்கே வைப்பது

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கொழுந்து எடை பதிய நான்கு சிம்பல் எம்சி3090 ஹேண்ட்ஹெல்ட் (கையடக்கக் கணினி) வைத்திருக்கிறோம், எல்லாம் விண்டோஸ் சிஇ 5.0, சிறு கருவிகளுக்கான மைக்ரோசாஃப்ட் இயங்குதளம். பேட்டரி முழுதாக இறங்கினால் ஆப் காணாமல் போகிறது. ஒவ்வொரு தடவையும் கம்பம் ஊரிலிருந்து ஆள் வந்து லேப்டாப்பில் மாட்டி ஏற்றுகிறார். நாங்களே சரி செய்ய முடியுமா?

முடியும். மெஷினில் கோளாறு இல்லை, ஆப் தப்பான இடத்தில் இருக்கிறது. சிஇ 5.0-இல் நீங்கள் பார்க்கும் 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' போன்ற ஃபோல்டர்கள் ராமில், அதாவது கரண்ட் போனால் அழியும் நினைவகத்தில் இருப்பவை, மெஷினின் செட்டிங்குகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியும் அப்படித்தான். மெயின் பேட்டரியும், அதைக் கழற்றும்போது தாங்குவதற்காக உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியும் இறங்கிவிட்டால் ராம் காலி, மெஷின் கோல்டு பூட் ஆகிப் புதுசு போல எழும். ஆனால் 'அப்ளிகேஷன்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அது ஃபிளாஷ் நினைவகம், கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாது. ஆப்பை அங்கே வையுங்கள்.

வைத்தால் மட்டும் போதாது, கோல்டு பூட்டுக்குப் பிறகு அது தானாக ஓட வேண்டும். அதற்கு இந்த மெஷினிலேயே இரண்டு வசதிகள் உண்டு. 'அப்ளிகேஷன்' ஃபோல்டரில் ரெக் (.reg) என்று முடியும் ஃபைலைப் போட்டால் கோல்டு பூட்டின்போது அதிலுள்ளதை ரெஜிஸ்ட்ரியில் சேர்த்துக்கொள்ளும். சிபிஒய் (.cpy) என்று முடியும் ஃபைல், ஃபைல்களை நகலெடுக்கச் சொல்லும் சாதாரண டெக்ஸ்ட்தான், ஒரு வரியில் எடுக்கும் இடம், நடுவில் '>' குறி, அப்புறம் போய்ச் சேரும் இடம். ஆப்பின் ஷார்ட்கட்டை 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஸ்டார்ட்அப்'புக்குக் கொண்டுபோக இந்த ஒரு வரி போதும்.

ஆப் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதியது என்றால், அது ஓட வேண்டிய துணை மென்பொருளான ஃபிரேம்வொர்க் மெஷினோடு வந்ததா, பிறகு ஏற்றியதா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். பிறகு ஏற்றியது என்றால் அதுவும் ராமோடு போகும், அதன் கேப் (.cab) ஃபைலும், அதாவது இன்ஸ்டால் செய்யும் ஃபைலும், 'அப்ளிகேஷன்' ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஆப்புக்கு முன்னால் அது இன்ஸ்டால் ஆக வேண்டும். கேப் ஃபைலை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் இன்ஸ்டால் முடிந்ததும் அது தன்னையே அழித்துக்கொள்ளும். அடுத்த முறை ஃபைல் எங்கே என்று தேடுவீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. எடைப் பதிவு எங்கே இருக்கிறது? அதுவும் ராமில் என்றால், மத்தியானம் வரை பறித்த கொழுந்தின் கணக்கு ஒரு பேட்டரியோடு போய்விடும், கூடுதல் கிலோவுக்கான காசை இழப்பது லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கும், கொழுந்து பறித்த அம்மாதான். டேட்டாபேஸ் ஃபைலையும் 'அப்ளிகேஷன்' ஃபோல்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். எஸ்டி கார்டில் வைத்தால் என்ன என்பார்கள், நான் வேண்டாம் என்பேன். மெஷின் தூங்கி எழும்போது கார்டு ஒரு நொடி கழன்று மறுபடி சேர்வது உண்டு, திறந்திருந்த ஃபைல் அங்கே கெட்டுப் போகும். கார்டில் சாயங்காலம் ஒரு நகல் எடுத்து வையுங்கள், அது நல்லது.

தேதியையும் பாருங்கள். பேட்டரி செத்து எழுந்த மெஷினில் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய்விடும், கணக்குப்பிள்ளை அவசரத்தில் கவனிக்காமல் எடை போட்டுவிடுவார். கடைசிப் பதிவைவிட முந்தைய தேதி காட்டினால் எடை ஏற்காதபடி ஆப்பில் ஒரு சோதனை வைக்கச் சொல்லுங்கள், எழுதுகிறவருக்குப் பத்து நிமிட வேலை.

கிளீன் பூட் மட்டும் யாரும் செய்யக்கூடாது, அது மெஷினைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோவது, 'அப்ளிகேஷன்' ஃபோல்டரும் துடைபடலாம். அதனால் அந்த ஃபோல்டர் முழுவதையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்திருங்கள், மாற்றம் செய்தால் நகலையும் மாற்றுங்கள். ஓணம், தீபாவளி லீவுக்கு முன் நான்கையும் சார்ஜரில் வைத்துவிட்டுப் போங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு மெஷினை வேண்டுமென்றே கோல்டு பூட் செய்து பாருங்கள், ஆப் தானாக வந்தால்தான் மற்ற மூன்றில் கை வையுங்கள்.

சிஇ 5.0-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014-லேயே முடிந்துவிட்டது, அடுத்து வாங்கும்போது ஆண்ட்ராய்டுக்குப் போங்கள். அங்கே ஆப் ராமில் இருக்காது, ஆனாலும் ரீசெட் செய்தால் எது மிஞ்சும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.