திரையில் தெரியும் ஆழத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: சிறிய பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். டிஜிட்டல் கடல் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆழம் துல்லியமாகத் தெரியும் என்கிறார்கள். அதை மட்டும் நம்பிப் போகலாமா?

பதில்: போகக் கூடாது. வரைபடம் எந்த அளவுகோலில் தொகுக்கப்பட்டதோ, அதற்கு மேல் பெரிதாக்கினால் கோடுகளின் இடைவெளிதான் பெரிதாகும். புதிதாக ஒரு பாறைகூடத் தெரியாது. சுருக்கிப் பார்ப்பது அதைவிட ஆபத்தானது என்பேன். திரை நெரிசலாகாமல் இருக்க, அப்போது மென்பொருள் பல விவரங்களை மறைத்துவிடுகிறது. 2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் போட்டியில் இருந்த ‘வெஸ்டாஸ் விண்ட்’ பாய்மரப் படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே ஒரு பவளத்திட்டில் மோதியது. திட்டு வரைபடத்தில் இருந்தது. வழியைத் திட்டமிட்டவர்கள் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. நல்லவேளையாக, ஒன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆகவே புறப்படுமுன், போகும் வழி முழுவதையும் பெரிய அளவுகோலில் வைத்து, துண்டு துண்டாக நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.

ஆழ எண்களின் தரமும் இடத்துக்கு இடம் மாறும். அதிகாரபூர்வ மின்னணு வரைபடங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பகத் தரம் குறிக்கப்பட்டிருக்கும். ‘ஏ1’ பகுதியில் இடப் பிழை 5 மீட்டருக்குள் இருக்கும். ‘சி’ பகுதியில் 500 மீட்டர் வரை போகலாம். உங்கள் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் சில மீட்டர் துல்லியத்தில் காட்டினாலும், பக்கத்துப் பாறை அரைக் கிலோமீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தால் என்ன பயன்?

கேள்வி: பெரிய கப்பல்களில் ஆழம் குறைந்தால் எச்சரிக்கை ஒலிக்குமே, பிறகு ஏன் தரைதட்டுகின்றன?

பதில்: மின்னணு வரைபடத்தைக் காட்டி எச்சரிக்கும் கருவிக்குப் பாதுகாப்பான ஆழத்தைச் சொல்ல வேண்டியவர் கப்பல் அதிகாரிதான். 12 மீட்டர் என்று அவர் கொடுத்தாலும், வரைபடத்தில் 10, 20 மீட்டர் ஆழக்கோடுகள் (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைப்பவை) மட்டுமே இருந்தால், கருவி 20 மீட்டர் கோட்டையே எல்லையாக எடுத்துக்கொள்ளும். அதனால் பாதுகாப்பான நீரிலும் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்க, சலித்துப்போய் அதைப் பொருட்படுத்தாத பழக்கம் வந்துவிடுகிறது. எச்சரிக்கையே வராமல் போவதும் உண்டு. 2013 செப்டம்பர் 18 அன்று ‘ஓவிட்’ என்ற ரசாயனச் சரக்குக் கப்பல், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில் வார்ன் மணல்திட்டின் மேலேயே வரையப்பட்டிருந்த வழியில் சென்று தரைதட்டியது. பாதுகாப்பு எல்லை சரியாக அமைக்கப்படவில்லை, எச்சரிக்கை ஒலியும் எழவில்லை; கப்பல் நின்றுவிட்டதைக் காவலில் இருந்த அதிகாரி 19 நிமிடம் கழித்தே உணர்ந்தார். வழியை வரைந்தவரைத் தவிர இன்னொருவரும் அதைச் சரிபார்த்திருந்தால், துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தத் திட்டு கண்ணில் பட்டிருக்கும்.