ஜோசியமும் நோபலும்: வாசகர் கேள்வி பதில்

கே: செயற்கை நுண்ணறிவு ஐந்தே ஆண்டுகளில் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளும் என்கிறார்களே? பிளஸ் டூ முடிக்கும் மகனை என்ன படிக்க வைப்பது? (வாசகர், மன்னார்குடி)

ப: இந்தக் கெடு புதிதல்ல. மனிதன் செய்யும் எந்த வேலையையும் இருபது ஆண்டுகளுக்குள் இயந்திரம் செய்துவிடும் என்று 1965-இல் எழுதினார் செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஹெர்பர்ட் சைமன். 1985 வந்தது, போனது. ஸ்கேன் படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர்களை இனிப் பயிற்றுவிக்கவே வேண்டாம் என்றார் அதே துறையின் இன்னொரு முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், 2016-இல். சைமனுக்கு 1978-இல் நோபல், ஹின்டனுக்கு 2024-இல் நோபல். ஆக, நோபலுக்கும் ஜோசியத்துக்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் ஹின்டனைக் கேலி செய்துவிட்டு எழுந்து போக முடியாது. படம் பார்ப்பதில் இயந்திரம் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. ஆனால் பழைய படத்தோடு ஒப்பிடுவது, அறுவை சிகிச்சை நிபுணரோடு விவாதிப்பது, அறிக்கைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவது என்று அந்த டாக்டருக்கு வேறு வேலைகளும் உண்டு. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தாலும் கையெழுத்து டாக்டருடையதுதான். எனவே எந்த வேலை போகும் என்று கேட்காதீர்கள். அந்த வேலைக்குள் எந்தப் பகுதி போகும் என்று கேளுங்கள். கணக்குப் பதிவு, சாதாரண மொழிபெயர்ப்பு, தொடக்கநிலை மென்பொருள் எழுத்து ஆகியவற்றில் புதிதாக ஆள் எடுப்பது குறையும் என்பது என் கணிப்பு. மகன் எதைப் படித்தாலும், இயந்திரம் தரும் விடையில் தவறு எங்கே என்று பிடிக்கிற அளவுக்கு ஆழமாகப் படிக்கட்டும்.

கே: மழையையும் மேட்டூர் திறப்பையும் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடுமா? (வாசகி, திருத்துறைப்பூண்டி)

ப: பாதிக்குப் பாதி. பல ஆண்டு வானிலைப் பதிவுகளைப் படித்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றை ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் 2025 பிப்ரவரி முதல் அன்றாடப் பயன்பாட்டில் வைத்திருக்கிறது. கஜாவைப் போல ஒரு புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இனி இன்னும் முன்னதாக அறியலாம். உங்கள் ஊரில் பெய்து பக்கத்து ஊரை விட்டுவிடும் மழையைச் சொல்வது இன்னும் கடினம்.

மேட்டூர் வேறு கதை. ஜூன் 12 வழக்கமான தேதி. 2024-இல் திறந்தது ஜூலை 28. குடகு மழையைக் கணிக்கலாம், கர்நாடகத்துடன் நடக்கும் பேச்சுவார்த்தையைக் கணிக்க எந்தக் கணினியாலும் ஆகாது.

இன்னொன்று. நாளை மழை என்று இன்றே தெரிந்தும், கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மறுக்கிறார்கள். அங்கே இல்லாதது முன்னறிவிப்பு அல்ல, தார்ப்பாயும் கூரையும்தான்.

கே: நிச்சயம் நடக்கும் என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (வாசகர், பாபநாசம்)

ப: உங்கள் பேரன் குரலை இயந்திரம் நகலெடுக்க, அதே குரலில் அவசரமாகப் பணம் கேட்டு ஃபோன் வரும். வேறு ஊர்களில் ஏற்கெனவே நடக்கிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேரனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அவன் எடுக்காவிட்டால் அவன் அம்மாவைக் கூப்பிடுங்கள்.