மனநலம் – கேள்வி பதில்: ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கேட்கும் கணவர்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. திருப்பூரில் பன்னிரண்டு பவர் டேபிள் (மின் தையல் இயந்திரம்) போட்டு, ஜாப் ஒர்க் முறையில் பனியன் தைத்துக் கொடுக்கிறார். ஓராண்டாக ஆர்டர் குறைந்துவிட்டது. முடித்துக் கொடுத்த வேலைக்கும் பணம் தாமதமாகவே வருகிறது. ஐந்து மாதங்களாக விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறார். எப்போதாவது குடித்தவர் இப்போது வாரத்தில் நான்கு நாள் குடிக்கிறார். மகன் மீது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். நெஞ்சை அடைக்கிறது என்றதால் இரண்டு முறை இசிஜி எடுத்தோம். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்றவர், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவரை எப்படி அழைத்துச் செல்வது?
– வாசகி, திருப்பூர்.

பதில்: ஆண்களின் மனநலம் குறித்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனைவியர், தாய்மார்கள், மகள்கள்தாம். சம்பந்தப்பட்ட ஆண் தன் கைப்பட எழுதுவது அபூர்வம். உங்கள் கணவரும் எழுத மாட்டார். ஆனால் நெஞ்சடைப்புக்காக இரண்டு முறை மருத்துவரிடம் சென்றிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். உதவி தேடவே மறுக்கிறவர் அல்லர் அவர். உடம்புக்கு என்றால் வருகிறார், மனத்துக்கு என்றால் மறுக்கிறார்.

கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய இயலாது. ஆயினும் நீங்கள் எழுதியுள்ளவை மனச்சோர்வில் அடிக்கடி காணப்படும் அறிகுறிகளே. மனச்சோர்வு என்றதும் அழுகையையும் சோகமான முகத்தையும் எதிர்பார்க்கிறோம். ஆண்கள் பலரிடம் அது எரிச்சலாகவும், குடியாகவும், உடல்வலியாகவும் வெளிப்படுவதால், வீட்டார் அதைக் கோபக்காரக் குணம் என்றும், மருத்துவர்கள் சிலர் வாயுத்தொல்லை என்றும் கருதிக் கடந்துவிடுகிறார்கள். வழக்கமான நேரத்துக்கு வெகு முன்பே விழிப்புத் தட்டி, மறுபடி உறக்கம் வராமல் போவது மனநல மருத்துவர்களான நாங்கள் தவறாமல் கேட்டறியும் அறிகுறி. குடி இதற்கு மருந்தாகாது. படுத்தவுடன் கண் அயரச் செய்யுமே தவிர, பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

எனவே ‘மனநலம்’ என்ற சொல்லில் தொடங்க வேண்டாம். ‘மூணு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துக்கறீங்களே, பார்க்கவே கஷ்டமா இருக்குதுங்க, தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாங்களா?’ என்று கேளுங்கள். இது ஏமாற்று அன்று. தூக்கம் கெட்டிருப்பது உண்மை. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா நாள், அன்று பேச்சை எடுக்காதீர்கள். குடித்திருக்கும்போதும், மகன் எதிரிலும் வேண்டாம். முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமே செல்லலாம். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சோதித்துவிட்டு அவர் மனநல மருத்துவரிடம் அனுப்பினால், அந்தச் சொல்லை மனைவி சொல்லிக் கேட்பதைவிட எளிதாக ஏற்பார். என் அனுபவத்தில் ஆண்கள் பலர் இந்த வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

செய்தி வெளியே தெரிந்தால் கடன் கொடுத்தவர்கள் நெருக்குவார்கள் என்ற அச்சம் தொழில் செய்பவருக்கு இருக்கும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டியது மருத்துவரின் கடமை. ஒருவர் மனநல மருத்துவரைப் பார்த்தார் என்பதற்காக அவரை மனநோயாளி என்று சட்டம் முத்திரை குத்துவதுமில்லை. மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம் என்பது அடுத்த அச்சம். மனச்சோர்வுக்கு இன்று வழக்கமாகத் தரப்படும் மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாக நிறுத்த வேண்டும். சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் தூக்கமாத்திரைதான் பழக்கமாகிவிடக்கூடியது. குடிப்பவருக்கு அது இரட்டை ஆபத்து. குடியின் அளவையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்பதுபோல அவர் எதையேனும் சொல்லியிருக்கிறாரா? 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்ததாகப் பதிவான 1,70,924 பேரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. ‘செத்துடலாம்னு தோணுதுங்களா?’ என்று தனிமையில், பொறுமையாகக் கேளுங்கள். ஆம் என்றால் வாதாடாதீர்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சத்தியமும் வாங்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். முதலில் நீங்களே அழையுங்கள், ஐந்து மாதம் இதைச் சுமந்த உங்களுக்கும் அது தேவைப்படும். பிறகு அந்த எண்ணை அவருடைய செல்போனில் பதிந்து கொடுத்துவிட்டு, அதைப் பற்றி மீண்டும் கேட்காமல் இருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் அங்கே எடுத்துப் பேச ஆள் இருப்பார்கள் என்று மட்டும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.